ஞானப் பல்லும் மயக்க மருந்தும்

மனிதனுக்கு ஞானம் வரும்போது துன்பமும் உடன்வரும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை. வாயின் கடைசி மூலையிலே, எவரும் எதிர்பாராத வேளையில் தலைகாட்டும் ஞானப் பல் ஒன்றே போதும். பாற்பற்கள் விழுந்து, நிலைத்த பற்கள் முளைத்து, இனி வாயிலே புதிதாக வருவதற்கு எதுவுமில்லை என்று நாம் எண்ணியிருக்கும் காலத்தில், ஏறக்குறைய 17 வயதுக்கும் 25 வயதுக்கும் இடையிலே, இப்பல் புறப்படுகின்றது. அறிவு முதிரும் பருவத்திலே வருவதால் இலத்தீன் மொழியினரும் அராபியரும் இதனை அறிவோடு சேர்த்தே பெயரிட்டு அழைத்தனர். யப்பானியர் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'பெற்றோர் அறியாதது' என்பதாகும். கொரிய நாட்டவரோ இதனைக் 'காதற் பல்' என்பர். அறிவானாலும் காதலானாலும், வரும்போது நோவு தரும் என்பதிலே நாடுகளுக்கிடையில் கருத்து வேற்றுமை இல்லைப் போலும்!

மேலே இரண்டும் கீழே இரண்டுமாக இப்பற்கள் நான்கு. சிலருக்கு நான்கும் ஒழுங்காக முளைத்து ஆயுள் முழுவதும் உழைக்கும். சிலருக்கு ஒன்றோ இரண்டோ உருவாவதே இல்லை. வேறு சிலருக்குத்தான் தொல்லை. முன்னே வந்த பற்கள் இருக்கைகளை எல்லாம் பிடித்துக்கொண்டபின், பிந்தி வந்தவனுக்குப் பேருந்தில் நேரும் கதிதான் இப்பல்லுக்கும் நேர்கின்றது. தாடையிலே இடமில்லை. ஆகவே அது முன்னே சாய்ந்து அடுத்த பல்லை இடிக்கும். அல்லது பின்னே சாயும். அல்லது எலும்புக்குள்ளே கிடையாகப் படுத்துவிடும். பாதி வெளியே வந்து பாதி முரசுக்குள் மறைந்து நிற்பதே எல்லாவற்றிலும் கொடியது. அந்த முரசு மடிப்பினுள்ளே சோற்றுப் பருக்கைகள் தங்கும், கிருமிகள் பெருகும், முரசு வீங்கும், வாயைத் திறக்கவும் இயலாது போகும்.

இவையெல்லாம் நாம் நூலிற் படித்து அறிந்தவை அல்ல. ஆசிரியத் தொழிலில் அமர்ந்து இரண்டாம் ஆண்டிலே, வலப்பக்கக் கீழ்த்தாடையின் கடைசியில் ஒரு நோவு எழுந்தது. கராம்பை நசித்து வைத்தோம். வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தோம். நான்கு நாளில் தணிந்தது. மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்தது, பல் வைத்தியரிடம் சென்று மருந்துண்டோம், மறுபடியும் தணிந்தது. மூன்றாம் முறை வந்தபோது காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வந்தது. வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்கே திறந்தது. வகுப்பிலே மாணவர்க்குப் பாடஞ் சொல்ல முடியாமற் கரும்பலகையில் எழுதிக்காட்டி மூன்று நாள் சமாளித்தோம்.

வீக்கம் வற்றியபின் வைத்தியர் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். ஞானப் பல் முன்னோக்கிச் சாய்ந்து, அடுத்த கடைவாய்ப் பல்லின் தோளிலே தலைவைத்துக் கிடந்தது. அதன் வேர்களுக்குச் சற்றுக் கீழே இரு மெல்லிய வெண்கோடுகள் ஓடின. "மாஸ்டர், இந்தக் கோடுகளுக்கு நடுவிலேதான் உங்கள் கீழுதட்டுக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு போகிறது. நாக்குக்குப் போகிற நரம்பும் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லை எடுக்கும்போது இவை நசிந்தால் உதடோ நாக்கோ விறைத்துப் போகலாம். பெரும்பாலும் சில கிழமைகளில் அல்லது மாதங்களில் மாறிவிடும். மாறாமலே போவது மிக அரிது. ஆனால் சொல்லாமல் விடுவது முறையல்ல" என்றார் அவர்.

எமக்கு வயிறு கலங்கியது. நாம் கற்பிப்பது தமிழ். லகர, ளகர, ழகரங்களை மாணவர் நாவிலே திருத்துவதுதான் எமது பிழைப்பு. நா விறைத்த ஆசிரியனிடம் 'வாழை' என்ற சொல்லை எந்த மாணவன் கற்பான்? பல்லை விட்டுவிட்டால் நோய் மீண்டும் மீண்டும் வரும். ஒருநாள் கழுத்துவரை பரவி மூச்சுக்கே இடையூறு செய்யவுங் கூடும். எடுத்தால் நரம்புக்கு ஆபத்து, சிறிதே ஆயினும், உண்டு. இரண்டையும் நிறுத்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டியிருந்தது. ஓராண்டிலே மூன்று முறை நோய் வந்துவிட்டமையால் எடுப்பதே தக்கது என்று வைத்தியர் கூறினார், நாமும் இசைந்தோம்.

அதன்பின் எழுந்ததுதான் பெரிய வினா. எப்படி எடுப்பது? விழித்திருக்கும்போதா, உறக்கத்திலா?

வீட்டிலே இதுபற்றி ஒரு சபையே கூடிவிட்டது. "தம்பி, முழு மயக்கத்திலை எடுக்கச் சொல்லு. நீ ஒண்டும் அறியாமற் கிடந்தால்தான் எனக்கு மனம் ஆறும்" என்றார் அம்மா. பக்கத்து வீட்டு மாமியோ, "மயக்கினால் எழும்பாமற் போனவையும் இருக்கினம், ஊசி போட்டு எடுக்கிறதுதான் நல்லது" என்றார். ஐயா, பல்லைப் பிடுங்கினாற் கண்பார்வை மங்கும் என்று தம் பாட்டனார் சொன்னதை நினைவுகூர்ந்தார். கண்ணுக்குப் பார்வை தரும் நரம்பும் பல்லுக்குச் செல்லும் நரம்பும் வெவ்வேறானவை. பல்லை எடுப்பதாற் பார்வை குன்றுவதில்லை. இதனை ஐயாவுக்கு விளக்குவது எளிதாயிருந்தது. அம்மாவுக்கும் மாமிக்கும் இடையே தீர்ப்புச் சொல்வதுதான் அரிதாயிருந்தது. ஆகவே வைத்தியரிடமே சென்று கேட்டோம்.

வழிகள் நான்கு என்றார் அவர். முதலாவது, விறைப்பு ஊசி மாத்திரம். பல்லுக்குச் செல்லும் நரம்பின் அருகே மருந்தைச் செலுத்தினால் அந்தப் பக்கம் நோவு அறியாது. நினைவோ முற்றாக இருக்கும். இரண்டாவது, சிரிப்பு வாயு எனப்படும் நைத்திரசு ஒட்சைட்டை ஒட்சிசனோடு கலந்து மூக்கின்மேல் வைத்த மூடி வழியே சுவாசிப்பது. சில நிமிடங்களில் அச்சம் தணியும். வாயுவை நிறுத்தி ஒட்சிசன் கொடுத்தாற் சில நிமிடங்களிலேயே தெளிவும் வரும். தடிமனால் மூக்கு அடைத்திருப்போர்க்கு இது பயன்படாது. மூன்றாவது, நாளத்திலே மிடசோலம் போன்ற மருந்தை ஏற்றி அரைமயக்கம் உண்டாக்குவது. நோயாளி சொன்னதைக் கேட்பார். கேட்டாற் பதில் சொல்வார். ஆயினும் நடந்தவற்றுட் பெரும்பகுதி பின்னர் நினைவில் இராது. நான்காவது, முழுமயக்கம். இதற்குச் சத்திரசிகிச்சைக் கூடமும், மயக்கமருந்து நிபுணரும், மூச்சைப் பேணுங் கருவிகளும் வேண்டும்.

இவற்றுள் ஒன்றைப் பலர் அறிவதில்லை. வாயுவும் அரைமயக்கமும் அச்சத்தைத் தணிப்பனவே. நோவை அடக்குவது விறைப்பு ஊசிதான். ஆகவே அவ்விரு வழிகளிலும் ஊசியும் போடப்படும். 'ஊசிக்குப் பயந்து மயக்கம் கேட்டேன். பிறகும் ஊசி போட்டார்கள்' என்று குறைசொல்வோர் இதனை உணர்ந்தால் மனம் ஆறுவர்.

இந்த வழிகள் மனிதருக்கு எவ்வாறு கிடைத்தன என்பதை அறிந்தால் வியப்பு உண்டாகும். 1800ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் ஹம்பிரி டேவி என்னும் இளம் இரசாயன அறிஞர் நைத்திரசு ஒட்சைட்டைப்பற்றி ஒரு நூல் வெளியிட்டார். பிறிஸ்டல் நகரில் அவ்வாயுவைத் தாமே சுவாசித்து ஆராய்ந்த நாட்களில் அவருக்கு வந்த நோவு எது தெரியுமா? ஞானப் பல் நோவேதான்! முரசு வீங்கி உறக்கமின்றித் தவித்தவர் அவ்வாயுவைச் சுவாசித்தபோது நோவு குறைந்ததைக் கண்டார். சத்திரசிகிச்சையிலும் இது பயன்படக்கூடும் என்று அந்நூலிலே குறித்தும் வைத்தார். அப்போது அவருக்கு வயது 21 அளவில். ஆனால் அந்தக் குறிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டுகள் மனிதர் கதறிக்கொண்டே பல்லையும் காலையும் இழந்தனர். வாயுவோ மேடைகளிலே மக்களைச் சிரிக்கவைக்கும் வேடிக்கைப் பொருளாய்க் கிடந்தது.

1844ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆந் தேதி அமெரிக்காவின் ஹாட்போட் நகரிலே அத்தகைய வேடிக்கை ஒன்று நடந்தது. வாயுவைச் சுவாசித்துத் துள்ளிய ஒருவர் காலிலே காயப்பட்டும் நோவு அறியாதிருந்ததைக் கூட்டத்திலிருந்த ஹொரஸ் வெல்ஸ் என்னும் பல் வைத்தியர் கண்டார். மறுநாளே தாம் வாயுவைச் சுவாசித்துத் தம் பல் ஒன்றைத் தோழர் ஒருவரைக்கொண்டு பிடுங்குவித்தார். நோவு தெரியவில்லை. மகிழ்ச்சியோடு 1845 சனவரியிலே பொஸ்டன் நகர் சென்று வைத்தியர்களும் மாணவர்களும் சூழ்ந்திருக்க அதனைச் செய்துகாட்டினார். வாயு போதாமையால் நோயாளி வாய்விட்டுக் கத்த, கூடியிருந்தோர் ஏமாற்று என்று எள்ளி நகைத்தனர். அவருடைய பழைய கூட்டாளியாகிய வில்லியம் மோட்டன் 1846 ஒற்றோபர் 16ஆந் தேதி அதே நகரில் ஈதரைக் கொண்டு வெற்றி கண்டார். வெல்ஸோ நொந்த மனத்தினராய் 1848இல், 33ஆவது வயதிலே, தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1864இல் அமெரிக்கப் பல் வைத்தியர் சங்கம் அவரே முன்னோடி என்று ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டதை அறிய அவர் இருக்கவில்லை.

விறைப்பு மருந்துக்கும் ஒரு கதை உண்டு. 1884இல் வியன்னாவில் கார்ல் கொல்லர் என்பவர் கொக்கேயினைக் கண்ணிலே இட்டு விறைப்பை உண்டாக்கிக் காட்டினார். விரைவிலேயே நியூயோர்க்கில் வில்லியம் ஹால்ஸ்ரெட் அதனைத் தாடை நரம்பின் அருகே செலுத்தினார். அம்மருந்தைத் தம்மீதே சோதித்தமையால் அவர் அதற்கு அடிமையானார். அத்தகைய தீங்கு இல்லாத மருந்தை மக்கள் நெடுங்காலம் தேடினர். 1943இல் சுவீடன் நாட்டு நீல்ஸ் லொவ்கிறென் ஆக்கியதே இன்று பல் வைத்தியசாலைகளில் வழங்கும் லிக்னோகேயின். ஒரு சிறு ஊசி மருந்துக்குப் பின்னே எத்தனை பேருடைய வாழ்வும் தாழ்வும் இருக்கின்றன!

எமக்கு விறைப்பு ஊசியே போதும் என்று வைத்தியர் கருதினார். நாமும் அவ்வாறே தெரிந்துகொண்டோம். அன்று காலை இலேசாக உணவருந்திச் சென்றோம். ஊசி ஏறும்போது ஒரு கடுப்பு. பின்னர் நெஞ்சு சிறிது படபடத்தது. இரத்தக் குழாய்களைச் சுருக்குவதற்காக மருந்தோடு அதிரனலின் சேர்க்கப்பட்டிருப்பதால் அவ்வாறாகும் என்று தாதி முன்னரே சொல்லியிருந்தமையால் அஞ்சவில்லை. சில நிமிடங்களில் உதடு வேறொருவருடையது போலாயிற்று. "அமத்துகிறது தெரியும், நோவு தெரியாது. நொந்தாற் கையைத் தூக்குங்கள், உடனே நிறுத்துவேன்" என்றார் வைத்தியர். அந்த ஒரு சொல் எமக்குத் தந்த தைரியம் எந்த மருந்தும் தந்திராது. முரசைக் கீறினார், எலும்பைச் சிறிது கடைந்தார், பல்லை இரண்டாய் வெட்டித் துண்டு துண்டாக எடுத்தார். சத்தம் மண்டைக்குள்ளே ஆலை ஓடுவதுபோல் இருந்தது. நோவு இல்லை. நாற்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. கையைத் தூக்க வேண்டிய தேவை வரவில்லை.

மாலையில் விறைப்பு மெல்ல நீங்கியது. முதலில் நாக்கு, பிறகு கன்னம். கீழுதடு மட்டும் பிந்தியது. கண்ணாடி முன் நின்று 'வாழை, வாளை, வாலை' என்று ஓசையெழச் சொல்லிப் பார்த்தோம். மூன்றும் மூன்றாகவே ஒலித்தன. உதட்டின் ஒரு சிறு பகுதியிலே, நாடியின் வலப்பக்கத்தில், எறும்பு ஊர்வதுபோன்ற உணர்ச்சி ஐந்து கிழமை நீடித்தது. அந்த ஐந்து கிழமையும் நாளுக்கொரு முறை அவ்விடத்தைத் தொட்டுப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஒருநாள் தொட்டபோது பழைய உதடு திரும்பியிருந்தது. அம்மா அன்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தார்.

எமது தங்கையின் கதை வேறு. அவளுக்குக் கீழ்ப்பற்கள் இரண்டும் கிடையாகக் கிடந்தன. சிறுவயதிலே ஓரிடத்தில் இருவர் கையைப் பிடித்துக்கொள்ளப் பல் பிடுங்கப்பட்ட நாள்தொட்டு, பல் வைத்தியருடைய நாற்காலியைக் கண்டாலே அவளுக்கு உடல் நடுங்கும். பல்கலைக்கழகப் பரீட்சை நெருங்கிய காலத்தில் நோவை ஒருவருக்குஞ் சொல்லாமற் பனடோலை விழுங்கிவந்தாள். கன்னம் வீங்கியபின்தான் வீட்டார் அறிந்தனர். 'நான் கோழை, அண்ணை' என்று அழுதாள். அவளைச் சோதித்த வைத்தியர் அதனைக் கோழைமை என்று சொல்லவில்லை. "பயமும் ஒரு நோய்க்குறிதான், அதற்கும் மருந்து இருக்கிறது" என்றார். நாளத்தின் வழி அரைமயக்கம் என்று முடிவாயிற்று.

நிபந்தனைகள் பல இருந்தன. ஆறு மணித்தியாலத்துக்கு முன்னரே உணவை நிறுத்தவேண்டும். தெளிந்த நீரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னர் நிறுத்தவேண்டும். உண்ணும் மருந்துகளையும், ஆஸ்துமா, குறட்டை போன்றவற்றையும், கருவுற்றிருக்கக்கூடுமாயின் அதனையும் மறைக்காமற் சொல்லவேண்டும். கூட்டிச்செல்லப் பொறுப்பான ஒருவர் வரவேண்டும். அன்றிரவு துணையிருக்கவும் வேண்டும். அடுத்த 24 மணித்தியாலம் வாகனம் ஓட்டுதல், அடுப்படி வேலை, பத்திரங்களிற் கையொப்பமிடுதல் ஆகியன ஆகா. துணையாகச் சென்றவர் நாமே.

விரலிலே ஒரு சிறு கருவி மாட்டியிருந்தனர். இரத்தத்திலுள்ள ஒட்சிசனை அது காட்டிக்கொண்டிருந்தது. பல்லை எடுப்பவர் ஒருவர். மயக்கத்தைக் கவனிப்பவர் இன்னொருவர். இவ்வாறு இருவராயிருப்பது நல்லது என்று கேட்டறிந்தோம். மருந்து மிகுந்தால் அதனை முறிக்க மாற்று மருந்தும் அருகே இருந்தது. ஒன்றேகால் மணித்தியாலத்தின் பின்னர் எம்மை உள்ளே அழைத்தனர். வாயிலே பஞ்சைக் கடித்தபடி சாய்ந்திருந்தவள் எம்மைக் கண்டதும், "அண்ணை, எப்ப துவங்குவினம்?" என்று குழறினாள். இரண்டு பற்களும் ஒரு கிண்ணத்திற் கிடந்தன. அதைக் காட்டியபோது அவள் கண்களில் நீர் வழிந்தது. பதினைந்து ஆண்டாகச் சுமந்த பயத்தை அன்று இறக்கிவைத்தாள் என்றே எமக்குத் தோன்றியது. பின்னர் மேற்பல் ஒன்றை எடுக்கவேண்டி வந்தபோது, விறைப்பு ஊசி மாத்திரம் போதும் என்று தானே கூறினாள்.

ஆகவே, எது சிறந்தது என்று எம்மைக் கேட்போர்க்கு ஒரே விடை இல்லை. நேராக முளைத்த பல்லுக்கு விறைப்பு ஊசியே பெரும்பாலும் போதும். மிக அஞ்சுவோர்க்கு வாயுவோ அரைமயக்கமோ உதவும். ஆழப் புதைந்த பற்கள் பலவற்றை ஒருங்கே எடுக்கவேண்டின் முழுமயக்கம் தக்கதாகலாம். மாமி அஞ்சியதுபோல் எழும்பாமற் போவது, உடல்நலமுள்ளோர்க்கு, பயின்றவர் கையிலே மிக அரிது. ஆயினும் முழுமயக்கத்தின் ஆபத்து ஊசியின் ஆபத்திலும் கூடியதே. தேவையின்றி அதனை நாடலாகாது. எல்லா வழிகளும் எல்லா ஊர்களிலும் கிடைப்பதுமில்லை. கிடைப்பது எது என்பதை முதலிலேயே கேட்டறிதல் நன்று.

எல்லா ஞானப் பற்களையும் எடுக்கவேண்டும் என்று எவரும் எண்ணவேண்டாம். நோயற்ற பல்லை, பின்னர் நோவுமோ என்ற அச்சத்தால் மட்டும் எடுக்கும் வழக்கத்தை நிறுத்துமாறு பிரித்தானியாவின் மருத்துவ வழிகாட்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டிலே அறிவுறுத்தியது. மீண்டும் மீண்டும் வீங்குதல், பல் சூத்தையாதல், அடுத்த பல்லைக் கெடுத்தல், நீர்க்கட்டி தோன்றுதல் போன்ற காரணங்கள் இருத்தல் வேண்டும்.

எடுத்தபின் செய்யவேண்டியவையும் சில. பஞ்சை அரை மணித்தியாலம் இறுகக் கடித்திருத்தல் வேண்டும். முதல் நாள் கொப்பளித்தலும், காறித் துப்புதலும், குழாய்வைத்து உறிஞ்சுதலும் கூடா. குழியிலே உறைந்த இரத்தமே அதற்கு மருந்து. மறுநாள் தொட்டு இளஞ்சூடான உப்புநீர் நல்லது. கஞ்சி, சொதியிற் குழைத்த இடியப்பம் ஆகியன ஏற்றவை. சுருட்டும் வெற்றிலை பாக்கும் புண் ஆறும்வரையேனும் கிட்ட வரலாகாது. வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளிலே உச்சமடைந்து பின் வற்றும். அவ்வாறன்றி, மூன்று நாளின்பின் நோவு காதுவரை கடுத்தால், உறைந்த இரத்தம் கழன்று குழி வெறுமையாயிருக்கக்கூடும். வைத்தியர் அதற்கு எளிதில் மருந்திடுவார். காய்ச்சலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் கடினமோ உண்டானால் ஒரு மணித்தியாலமும் தாமதியாது வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

இலங்கையிலே பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பிலே தொடங்கி 1954இற் பேராதனைக்குச் சென்றது. அன்றுதொட்டு எத்தனையோ பேர் பயின்று ஊர்தோறும் பணிபுரிகின்றனர். கைப்பிடித்து அமுக்கிப் பல் பிடுங்கிய காலம் போய்விட்டது. ஆகவே பெற்றோர் தம் பிள்ளைகள் பல் நோவென்றால் 'இதற்கெல்லாம் அழுவதா' என்று அதட்டாதிருப்பாராக. மாணவர், பரீட்சை முடியட்டும் என்று நோவை மறைக்காதிருப்பாராக. வைத்தியர் முன் அமரும்போது, 'எனக்குப் பயமாயிருக்கிறது' என்று முதலிலே சொல்லிவிடுவதே அவருக்கும் நமக்கும் வேலையை எளிதாக்கும்.